குடைக்கம்பி விரல்கள்

ரங்கூனில் போட்டாதாங் பகுதியில் ஞானசுந்தரம் என்று பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் "குடைக்காரர்" என்று கேட்க வேண்டும். வெயில்காலத்தில் "கைக்காரர்" என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்டாலும் கொண்டுபோய் விடுகிற இடம் ஒன்றுதான். ஸ்ட்ராண்ட் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்து, அதில் ஒரு நாலு மாடிக் கட்டடம், அதன் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலை. அங்கே ஒரு மரப்பெட்டி, இரண்டு குறடு, ஒரு சுத்தியல், ஆயுசு முடிந்த குடைகள் ஒரு குவியல். சுவரில் மாதா படம். மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவதால் படத்துக்கு மேலே குழந்தைக் குடை ஒன்றை விரித்து ஆணியடித்து வைத்திருப்பார். "ஊருக்கெல்லாம் குடை தைக்கிறவன் தாயை நனைய விடலாமா?" என்பார்.

மழைக்காலம் முழுக்கக் குடை. மழை விட்டதும் கை. கை என்றால் இல்லாதவர்களுக்குச் செய்து கொடுக்கிற கை. குடைக்கம்பியில் விரல், இலவ மரத்தில் உள்ளங்கை, காப்பிக் கலர்க் குடைத்துணியில் தோல். விலை கேட்டால் சிரிப்பார். "செத்த குடைக்கு யாருங்க விலை சொல்லுவாங்க? எண்ணெய்ச் செலவுக்குக் குடுங்க, போதும்."

கை கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஒரு வினோதமான காரியம் செய்வார். அளவு எடுக்கும் முன்னால் அவர்களை வணங்கிக் குனியச் சொல்வார். "இந்தா, நான்தான் உங்க மாமனார்னு நெனச்சுக்குங்க. ஒரு டீயை எங்கிட்ட மரியாதையாக் குடுங்க பார்ப்போம்." வந்தவர் ஒன்றும் புரியாமல் குனிவார். அதற்குப் பிறகுதான் இவர் நூலை எடுப்பார். அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. ஒரு பெரியவருடைய நல்ல லுங்கியில் டீயைக் கொட்டி, அதே பெரியவரோடு சாசரைப் பிடித்து இழுத்து வந்த பழக்கம் அது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஞானசுந்தரத்தின் மனைவி தெரேசாவுக்கு ஒரே தம்பி, ஜேசுராஜ். படகுத்துறையில் மூட்டை இறக்குகிற வேலை. ஒருநாள் இழுவைக் கயிற்றில் அவனுடைய வலது கை சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். முழங்கைக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது. புண் ஆறினதும் அங்கேயே இலவசமாக ஓர் இரும்புக் கொக்கியும் மாட்டி அனுப்பினார்கள். அந்தக் கொக்கியைக் குறை சொன்னால் பாவம். வாளி தூக்கும், கதவு திறக்கும், பையைச் சுமக்கும். ஜேசுராஜின் மனைவி ஏஞ்சலா அதில் கயிறு கட்டித் துணி உலர்த்தியதும் உண்டு.

"அக்கா, உங்க தம்பி இப்பத்தான் வீட்டுக்கு உபயோகமா இருக்காரு" என்று தெரேசாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் மூட்டை தூக்க முடியாது. வேறு வேலை வேண்டும். துறைமுகத்து முனையில் டீக்கடை வைத்திருந்த ஜைனப் அக்கா அவனைப் பரிமாறச் சேர்த்துக்கொண்டாள். கணவர் இறந்த பிறகும் கடையைத் தூக்கி நிறுத்தியவள். குரல் பெரிசு, மனசும் அதே அளவு.

அந்தக் கடைக்கு ஒரு பேர் உண்டு. வயதில் மூத்தவர்கள் வந்தால் டீயை மேசையில் வைக்க மாட்டார்கள், கையில் கொடுப்பார்கள். ரங்கூனில் பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுப்பதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வலது கையால் நீட்ட வேண்டும். இடது கை வந்து வலது முன்கையைத் தாங்கினாற்போலத் தொட வேண்டும். உடம்பு கொஞ்சம் குனிய வேண்டும். பர்மாக்காரர்கள் வழக்கம்தான், ஆனால் தமிழரும் சீனரும் கரேனும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. மூச்சு விடுவது மாதிரி.

ஜேசுராஜுக்கு நீட்ட வலது கை இல்லை. கொக்கியில் சாசர் நிற்காது. தினமும் வருகிற ஊ அவுங் பே, பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ரொம்ப நல்ல மனிதர். "வெச்சிடு தம்பி, வெச்சிடு, பரவாயில்லை" என்று பர்மிய மொழியில் மெதுவாகச் சொல்வார். அந்தப் பரவாயில்லைதான் ஜேசுராஜைக் கொன்றது.

"கையில குடுத்தாத்தான் அத்தான் அது குடுத்த மாதிரி. மேசையில வெச்சா வெச்ச மாதிரி. அவ்வளவுதான்" என்று ஞானசுந்தரத்திடம் சொன்னான்.

ஜைனப்புக்கும் இது தெரியும். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, கோவிச்சுக்காதே. தடிஞ்சு அன்னிக்கி இந்தத் தெருவுல உள்ள பெரியவங்க எல்லாருக்கும் நம்ம கடையில டீ. அவுக இருந்த காலத்துலேருந்து நடக்குது. அதுவரைக்கும் பாக்குறேன். அன்னிக்கி நீ கையில குடுத்துட்டா இந்த வேலை உனக்குத்தான். இல்லேன்னா வேற ஆளு பாக்கணும்பா."

தடிஞ்சு என்பது மழைக்காலம் முடிகிறபோது பௌத்தர்கள் வீடெல்லாம் விளக்கேற்றி, பெரியவர்களை வணங்குகிற பண்டிகை. வேலை போனால் ஜேசுராஜ் பெகுவில் ஏஞ்சலாவின் அண்ணன் வைத்திருக்கிற அரிசி ஆலைக்குக் காவலுக்குப் போக வேண்டும். தனியாகத்தான் போக வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஏஞ்சலாவின் தையல் வேலையும் ரங்கூனில். ஏஞ்சலா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஞானசுந்தரம் மச்சினனின் தோளைத் தட்டி, "நான் செஞ்சு தரேன்" என்றார்.

தெரேசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சது குடைதானே?"

"குடைக்கும் கைக்கும் என்னா பெரிய வித்தியாசம், தெரேசா? ரெண்டும் விரியணும், ரெண்டும் மடங்கணும்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்கு ஊரில் உள்ளவர்கள் கையைப் பார்ப்பதே வேலையாகப் போயிற்று. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற கை, சோற்றைப் பிசைகிற கை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற கை. லத்தா மார்க்கெட்டில் பூ விற்கிற பெண்ணின் கையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரை ஜோசியர் என்று நினைத்து உள்ளங்கையை விரித்து நீட்டி, "எனக்குக் கல்யாணம் எப்போ ஐயா?" என்றாள். "சீக்கிரம் ஆகும்மா. கொஞ்சம் அந்தப் பூவைத் தூக்கிக் காட்டு" என்றார் இவர்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. விரல்கள் எல்லாம் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி ஒன்றாக மடங்குவதில்லை. சுண்டுவிரல்தான் முதலில் கிளம்புகிறது. மற்றவை ஒன்றன் பின் ஒன்றாக, கோயிலுக்குப் போகிற குடும்பம் மாதிரி, அதன் பின்னால் போகின்றன. கட்டைவிரல் வீட்டுக்காரர் மாதிரி எதிரே நின்று வரவேற்கிறது. அதைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஆண்டவர் எவ்வளவு நிதானமா வேலை பார்த்திருக்காரு பாரு" என்று மனைவியின் கையைப் பிடித்து மடக்கி மடக்கிக் காட்டினார்.

"எண்ணெய்க் கையைத் தொடாதீங்க" என்றாள் அவள். கையை மட்டும் எடுக்கவில்லை.

சுண்டுவிரலுக்குக் குழந்தைக் குடையின் கம்பி, நடு மூன்றுக்கும் பெண்கள் குடையின் கம்பி, கட்டைவிரலுக்குப் பெரிய ஆண் குடையின் கம்பி. குடைக்கம்பியில் ஏற்கெனவே மூட்டு இருக்கிறது; அதையே விரல் மூட்டாக வைத்துத் தறித்தார். விரல் நுனிக்குச் சைக்கிள் டியூப் ரப்பர். உள்ளே ரப்பர் பட்டைகளை ஒன்றுக்கொன்று இறுக்கம் மாற்றிக் கட்டினார். அதனால் விரல்கள் முறைப்படி மடங்கின. தெரேசா காப்பிக் கலர்க் குடைத்துணியில் கையுறை தைத்தாள்.

"மழையில நனையாத கை இந்த ரங்கூன்லயே உனக்கு மட்டும்தான்டா" என்று தம்பியிடம் சொன்னாள்.

திறக்கவும் மூடவும் வழி வேண்டுமே. ஆஸ்பத்திரிக் கொக்கிக்கு ஒரு வார் உண்டு. முதுகைச் சுற்றி மறு தோளுக்குப் போகும். தோளை முன்னால் குறுக்கினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். கொக்கி மாட்டிவிட்ட ஆஸ்பத்திரிக்காரர் சிரித்த முகத்தோடு அதைக் கழற்றியே காட்டினார். ஞானசுந்தரம் அதே மாதிரி சைக்கிள் பிரேக் கம்பி போட்டார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. ஜேசுராஜ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றான். ஞானசுந்தரம் நூலால் அளந்து கம்பியை முடிச்சுப் போட்டார். தோளைக் குறுக்கினான், விரல்கள் விரிந்தன. நிமிர்ந்தான், சாசரைப் பிடித்துக்கொண்டன. கூடத்தில் நாலு தரம் நடந்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஏஞ்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞானசுந்தரம் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கடையில் ஊ அவுங் பே வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புது லுங்கி. ஜேசுராஜ் டீயோடு நடந்து வந்தான். கடையே பார்த்தது. பெரியவர் முன்னால் வந்து நின்று, இடது கையை வலது முன்கையில் வைத்து, பயபக்தியோடு குனிந்தான்.

குனிந்தால் தோள் குறுகும். தோள் குறுகினால் கை திறக்கும்.

கோப்பையும் சாசரும் டீயும் ஒன்றாகப் பெரியவர் மடியில் இறங்கின.

"அல்லாவே!" என்று ஜைனப் போட்ட சத்தத்தில் படகில் தூங்கியவன் எழுந்தான். ஊ அவுங் பே லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளினார். பிறகு தானே சிரித்தார். "காலையில் மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பால் கலந்து வரும் என்று சொல்லவில்லை."

ஞானசுந்தரம் அப்போது கடை வாசலில்தான் நின்றிருந்தார். தலையில் அடித்துக்கொண்டார். நிமிர்ந்து நிற்க வைத்து அளவு எடுத்தோமே! இந்த ஊரில் நிமிர்ந்து நின்றுகொண்டு எவன் பெரியவருக்கு டீ கொடுப்பான்?

சரி, குனிந்தால் திறக்கிறதா? அப்படியானால் குனிந்தால் இறுகும்படி செய்துவிட்டால் போச்சு. கம்பியை மாற்றிக் கட்டினார். இப்போது தோளைக் குறுக்கக் குறுக்க விரல்கள் மூடும். வீட்டில் இந்தத் தடவை குனிய வைத்தே பார்த்தார்கள். எவ்வளவு குனிந்தாலும் சாசர் விழவில்லை. பிடியென்றால் அப்படி ஒரு பிடி.

அதுதான் வினையாயிற்று. ஊ அவுங் பே, பாவம், மறுபடியும் அதே மேசை. ஜேசுராஜ் அடுப்படியிலிருந்தே குனிந்தபடி வந்து நீட்டினான். அவர் சாசரைப் பிடித்தார். விரல்கள் விடவில்லை. அவர் மெதுவாக இழுத்தார். விடவில்லை.

"மன்னிச்சுக்குங்க, ஸயா" என்று, பர்மாக்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, ஜேசுராஜ் இன்னும் கொஞ்சம் குனிந்தான். பிடி இன்னும் இறுகியது.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்று அவர் இரண்டு கையாலும் இழுத்தார்.

"ஐயோ, மன்னிக்கணும் ஸயா!" அவன் தலை மேசையைத் தொட்டது. மன்னிப்புக் கேட்கக் கேட்க இறுகுகிற கையை உலகத்திலேயே அவன் ஒருவன்தான் வைத்திருந்தான்.

"டேய், மரியாதை போதும்டா! நிமிருடா!" என்று ஜைனப் கத்தினாள். அவன் சடாரென்று நிமிர்ந்தான். சாசர் விடுபட்டது. எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் நாற்காலியோடு பின்னால் சாய, பக்கத்து மேசைக்காரர் தாங்கிப் பிடித்தார்.

கடை முழுக்கச் சிரித்தது. ஜேசுராஜும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கையைக் கழற்றி அத்தான் முன்னால் வைத்தான்.

"விடுங்க அத்தான். பெகு என்னா, ரயிலேறினா வந்துடலாம். ஞாயித்துக்கிழமைக்கி ஞாயித்துக்கிழமை வரேன்."

"தடிஞ்சுக்கு இன்னும் நாள் இருக்குடா."

"ஊ அவுங் பேகிட்ட மிச்சம் இருக்குறது ஒரு லுங்கிதானாம் அத்தான்."

அன்று ராத்திரி ஞானசுந்தரம் படிக்கட்டு மூலைக்குப் போனார். மாதா படத்துக்கு மேலிருந்த குடையைச் சரிபார்த்துவிட்டு, "தாயே, குனியவும் வேணும், குடுக்கவும் வேணும். ரெண்டும் எப்படி?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பை வரிசையாக வந்தது. ஞானசுந்தரத்துக்கு இப்போது கையைப் பார்ப்பது வியாதியாகிவிட்டதே. முன் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரேன் அம்மாள் வலது கையால் காணிக்கை போட்டாள். இடது கை போய் வலது முன்கையைத் தொட்டது. அடுத்து ஒரு தமிழ்ப் பெரியவர், அதே மாதிரி. அடுத்து ஒரு சிறுமி; அதே மாதிரி. பை யாரிடம் போனாலும் இடது கை தவறாமல் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. எல்லாருக்கும் முன்கையில் ஒரே இடம்.

அட, கூப்பிடாமலே வருகிற கை! கொடுக்கிற நேரத்துக்குச் சரியாக வருகிற கை! அதற்கு அங்கே ஒரு வேலை கொடுத்தால் என்ன?

விரித்த குடையைத் தண்டிலே ஒரு சின்ன நாக்கு தாங்கி நிற்கும். விரலால் அதை அமுக்கினால் குடை மடங்கும். வாழ்நாள் முழுக்க அவர் எத்தனையோ நாக்கு மாற்றியிருக்கிறார். அது அவர் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

கோயிலுக்குள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தெரேசா தொடையில் கிள்ளினாள். "என்னாங்க இது, பூசையில?"

"கேட்டேன், குடுத்துட்டாங்க" என்றார் அவர்.

வாரையும் பிரேக் கம்பியையும் தூக்கி எறிந்தார். இப்போது விரல்கள் சும்மா இருக்கும்போது விரிந்திருக்கும். அடுப்படியிலேயே இடது கையால் சாசரை வைத்து விரல்களை மூடிவிட வேண்டும். குடையின் நாக்கு பிடித்துக்கொள்ளும். பிறகு நடக்கலாம், குனியலாம், தரையில் விழுந்தே வணங்கலாம், விடாது. முன்கையில் சட்டைக்கு உள்ளே, இடது கை வந்து தொடுகிற இடத்தில் அந்த நாக்கு. அமுக்கினால் திறக்கும்.

முதல் தடவை அமுக்கினபோது விரல்கள் பட்டன் குடை மாதிரி பட்டென்று விரிந்து, பிடித்திருந்த வாழைப்பழம் பறந்துபோய் ஏஞ்சலாவின் தையல் மிஷினில் விழுந்தது. "நல்லவேளை, டீ இல்லை" என்றாள் அவள். ஞானசுந்தரம் சுருள்கம்பியை இளக்கி, ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் வளையம் போட்டு வேகத்தைக் குறைத்தார். கடைசியில் சுண்டுவிரலில் தொடங்கி, நிதானமாக, ஒவ்வொன்றாக விரிந்தன. வாங்குகிறவர் பிடித்துக்கொள்ள நேரம் கிடைத்தது.

இந்தத் தடவை நிமிர்ந்து நிற்கச் சொல்லவில்லை. ஞானசுந்தரமே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "நான்தான் ஊ அவுங் பே. குடு."

"அவரு உங்களை விட அழகா இருப்பாரு அத்தான்."

"குடுடா!"

தடிஞ்சு அன்று கடை வாசலில் காகித விளக்குகள் தொங்கின. தெருப் பெரியவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊ அவுங் பே நடு மேசையில். பக்கத்தில் மிங்கலாடோனிலிருந்து வந்த அவருடைய பழைய நண்பர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து நாள்களைப் பேசிப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ஜைனப் கல்லா அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஞானசுந்தரம் வாசல் தூணோடு தூணாக நின்றார். உதட்டில் அருள்நிறை மரியே ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜேசுராஜ் வந்தான். நின்றான். குனிந்தான். சாசர் ஆடவில்லை. இடது கை தானாக வந்து வலது முன்கையைத் தொட்டது. ஊ அவுங் பே பேச்சை நிறுத்தாமலே, நண்பர் முகத்தைப் பார்த்தபடி, கையை நீட்டிச் சாசரை வாங்கினார். சுண்டுவிரல் விட்டது, அடுத்தது விட்டது, எல்லாம் விட்டன. ஜேசுராஜ் இரண்டடி பின்வாங்கினான். பெரியவர் ஒரு வாய் குடித்தார், கதையைத் தொடர்ந்தார், இன்னொரு வாய் குடித்தார்.

ஜேசுராஜ் அங்கேயே நின்றான். அவனுக்கு நகரத் தோன்றவில்லை.

பாதிக் கோப்பை காலியானதும் ஊ அவுங் பே நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, இன்னும் நிற்கிறாய்? அந்தக் குடைக்காரர் புதுக் கை செய்கிறார் என்றார்களே, அதை எப்போது கொண்டுவரப் போகிறாய்? அதற்காகத்தான் இன்றைக்குப் பண்டிகையும் பாராமல் இந்தப் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்தேன்."

தூண் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே ஞானசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊ அவுங் பே கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு ஜேசுராஜின் கையைப் பார்த்தார். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தான் அவ்வளவு வயதானவராக இருந்தும், இடது கையால் தன் வலது முன்கையைத் தொட்டு, குடைத்துணித் தோல் போட்ட அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அங்கே என்னா வேடிக்கை?" என்று ஜைனப் குரல் கொடுத்தாள். "ஆறு மேசை காத்துக் கிடக்குது. சம்பளம் வாங்குற ஆளு இப்படியா நிக்கிறது? ஓடு, ஓடு!"

ஜேசுராஜ் ஓடினான். ஏஞ்சலாவிடம் சொல்ல ஞானசுந்தரமும் சந்து வழியாக ஓடினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடைக்காரர் குடையை எடுக்க மறந்துவிட்டார்.